விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் ஆராய்ந்து நம்மை நாமே அறிவது எப்படி?

"இது எனக்கு ஏன் பிடிக்கிறது?" என்ற கேள்வியில்தான் பலரும் தொடங்குகிறார்கள். சறுக்குவதும் அங்கேதான். காரணம் கேட்டால் மனம் உடனே ஒன்றைச் சொல்லிவிடும். அது நிஜமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை உண்டு. துளியும் வேறுபாடில்லாத நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானது எது என்று கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்றபோது, அது இருந்த இடத்தை ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை.

அதனால் காரணத்தை விட்டுவிட்டு, செய்ததைக் குறியுங்கள். இரண்டு வாரம், நாளுக்கு மூன்று தேர்வுகள் போதும். எதை எடுத்தேன், அதற்காக எதை விட்டேன், உடன் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே பத்துக்கு ஒரு மதிப்பெண், முடிந்ததும் இன்னொன்று. முதல் மதிப்பெண்ணைப் பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் கெட்டது. நடந்ததற்கு ஏற்ப நினைவு அதைத் திருத்திவிடும்.

எட்டு எதிர்பார்த்து மீண்டும் மீண்டும் ஐந்து வருகிறதா? பிடித்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் விஷயம் அது. ஆள் இருக்கும்போது மட்டும் ஏறும் மதிப்பெண் பெரும்பாலும் இரவல். தனியாக இருக்கும்போதும் உயர்ந்தே நிற்பதைக் கவனியுங்கள், வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும். (கைபேசியில் வரும் ஆளுமைத் தேர்வுகள் நீங்கள் சொன்னதையே வேறு பெயரில் திருப்பித் தருபவை. பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.)

நம்பிக்கைகளுக்கு வேறு வழி. "நேர்மை முக்கியம்" என்று எழுதிப் பயனில்லை. யார் மறுக்கப் போகிறார்கள்? இரண்டு நல்லவற்றை மோதவிடுங்கள்: "நண்பன் மனம் புண்பட்டாலும் உண்மையைச் சொல்வேன்." பக்கத்தில் மூன்று குறிப்பு: நூற்றுக்கு எத்தனை உறுதி, முதலில் யாரிடம் கேட்டது, எதைப் பார்த்தால் உறுதி இருபது குறையும். மூன்றாவதில் எழுத எதுவும் வரவில்லை என்றால், அது ஆதாரம் பார்த்து வந்த முடிவல்ல, ஒரு கூட்டத்தின்மீதான பற்று. பற்று தவறில்லை, ஆனால் அதை வாதத்தால் அசைக்க முடியாது.

கடைசியாக, உங்களைப் பல ஆண்டுகளாக அறிந்த ஒருவரிடம் மதிப்பெண்களை மறைத்து, இரண்டு வாரத் தேர்வுகளின் பட்டியலை மட்டும் கொடுத்து, நீங்கள் பிறகு போட்ட மதிப்பெண்களை ஊகிக்கச் சொல்லுங்கள். உங்கள் எதிர்பார்ப்பைவிட அவர் ஊகம் நெருங்கி வந்த வரிகளை முதலில் ஆராயுங்கள்.