முதலில் ஊர், பிறகு பேர்

கேள்வி: டாக்டர், நான் இறுதியாண்டு மருத்துவ மாணவி, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். மாதிரித் தேர்வில் வலது பாதம் தொங்கி நடந்த ஓர் அங்கிளைக் காட்டினார்கள். காரணங்களை வரிசையாக ஒப்பித்தேன். "கோளாறு எந்த இடத்தில்?" என்று கேட்டதும் வாயடைத்துப்போனேன். டெலிகிராமில் ஒருவர் 'வந்த கேஸ்கள்' தொகுப்பை 350 ரிங்கிட்டுக்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியைப் படித்து முடிப்பதற்குள் பணம் போயிருக்கும். ஷார்ட் கேஸுக்கு, அதாவது நோயாளியைச் சில நிமிடம் சோதித்துச் சொல்லும் தேர்வுக்கு, வருகிறவர்கள் அன்றைக்கு வர ஒப்புக்கொண்ட வார்டு, கிளினிக் நோயாளிகள். போன தடவை யார் வந்தார் என்று விற்பவருக்கு, நாளை யார் வருவார் என்று தெரியாது. தெரியும் என்று அடித்துச் சொன்னால் அது கசிந்த கேள்வி. மாட்டினால் போவது உங்கள் பட்டம். அவருக்கு ஒரு டெலிகிராம் கணக்கு, அவ்வளவுதான். 'பாஸ் கேரண்டி' என்று வகுப்புக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளும் இதே ரகம்.

உங்களுக்குத் தடுமாறியது வரிசை. 'ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே' என்பார்கள். நரம்பியலில் அதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் என்பது கோளாறு உட்கார்ந்திருக்கும் இடம்: மூளையா, தண்டுவடமா, முதுகில் நரம்பு வேரா, காலில் ஓடும் நரம்பா. சர்க்கரையா, கட்டியா, அழுத்தமா என்ற பேர் கடைசியில் வரட்டும். நம் பாடத்திட்டம் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறது. முப்பது காரணம் மனப்பாடம் செய்தவருக்கு நோயாளியின் காலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுவதில்லை.

தொடுவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் பாருங்கள். ஒரு காலின் காலணி முனை மட்டும் தேய்ந்திருக்கும். சிலிப்பர் தானாகக் கழன்று விழுகிறதா என்று கேளுங்கள். நடக்கவிட்டால் முழங்காலை உயர்த்தி, பாதத்தை 'டப்' என்று தரையில் வைப்பவருக்குக் கோளாறு நரம்பிலோ வேரிலோ இருக்கும். கால் விறைத்து, வெளியே வளைந்து வந்தால் மேலே, மூளை அல்லது தண்டுவடம்.

அடுத்து நான்கு அசைவுகள்: பாதத்தை மேலே தூக்குவது, வெளிப்பக்கம் திருப்புவது, உள்பக்கம் திருப்புவது, பக்கவாட்டில் படுக்க வைத்து முழுக் காலையும் மேலே உயர்த்துவது. முதல் இரண்டும், முழங்காலின் வெளிப்பக்கம் சுற்றி இறங்கும் காமன் பெரோனியல் நரம்பின் வேலை. உள்பக்கம் திருப்பும் தசைக்கும் காலை உயர்த்தும் இடுப்புத் தசைக்கும் வேறு நரம்புகள். ஆனால் நான்குக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே: எல் 5, அதாவது கீழ்முதுகின் ஐந்தாம் நரம்பு வேர். எனவே முதல் இரண்டு மட்டும் பலவீனம் என்றால் பெரோனியல் நரம்பு. நான்கும் பலவீனம் என்றால் எல் 5 வேர். கணுக்கால் ரிஃப்ளெக்ஸ், அதாவது குதிகால் நாணைத் தட்டினால் பாதம் துள்ளுவது, இரண்டிலும் இருக்கும். அதுவும் போயிருந்தால் சயாட்டிக் நரம்பையோ (தொடையின் பின்பக்கம் இறங்கும் பெரிய நரம்பு) எஸ் 1 வேரையோ (எல் 5-க்கு அடுத்த கீழ் வேர்) யோசியுங்கள்.

உள்பக்கம் திருப்புவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாதத்தைத் தூக்கும் முன்தசையும் இந்த அசைவுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். அது செயலிழந்திருந்தால் நல்ல தசையும் சோர்ந்ததுபோல் தெரியும். பெரோனியல் கேஸை எல் 5 என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் பாதத்தை விரல் நுனி கீழே பார்க்கும்படி நீட்டச் சொல்லி, அந்த நிலையிலேயே உள்ளே திருப்பச் சொல்லுங்கள். ஒரு கையால் பாதத்தின் உள்விளிம்பில் எதிர்த்து அழுத்துங்கள். மற்றக் கையின் விரலை உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வையுங்கள்; தசைநாண் விறைப்பது விரலில் தெரியும்.

பெரோனியல் என்று முடிவானால், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் ஃபிபுலா எலும்பின் கழுத்தைத் தட்டிப் பாருங்கள். பாதம் வரை மின்சாரம்போல் ஓடினால் இடம் அதுதான். கால்மேல் கால் போடும் பழக்கம், இறுக்கமான மாவுக்கட்டு, வேகமாக எடை குறைந்தது, நெடுநாள் படுக்கை: இவற்றைக் கேளுங்கள். நரம்பு தடித்திருந்தால் தொழுநோயை மறக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்கிறேன். பத்துமலையில் 272 படி ஏறும்போது ஒரே காலின் விரல் படியில் இடித்துக்கொண்டே வந்தது என்று ஒருவர் சொல்வார். கீழ்முதுகு வலி கிடையாது. காலைத் தொடாமலே கீழ்முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் முதுகில் டிஸ்க் பிதுங்கியிருப்பது சகஜம். படத்தில் பிதுக்கம், காலில் பலவீனம், இரண்டையும் முடிச்சுப் போட்டு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிடுவார்கள். உண்மையில் மூளையின் உச்சியில், இரு பாதிகளுக்கும் நடுவே காலுக்குரிய பகுதியை ஒரு மெனிஞ்சியோமா (மூளையுறைக் கட்டி) அழுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டு நிமிடச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும்: கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் துள்ளும், உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே போகும். அப்படி இருந்தால் கீழ்முதுகுப் படம் எதற்கு? மேலே தேடுங்கள். இயந்திரம் இருக்கிறது என்பதற்காகப் படம் எடுக்கும் பழக்கம் எங்கள் துறையைப் பிடித்த சனி.

சிகிச்சை கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். பெரோனியல் அழுத்தம்: அழுத்தத்தை நீக்குவது, கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட், பிசியோதெரபி, ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது. நரம்புக் கடத்தல் சோதனை, ஈ.எம்.ஜி. (தசையில் ஊசி வைத்து மின்னோட்டம் பார்ப்பது) இரண்டையும் முதல் வாரத்திலேயே செய்தால் முழுச் சேதமும் தெரியாது. சுமார் மூன்று வாரம் கழித்துச் செய்வதே உதவும். எல் 5 வேர்: பெரும்பாலும் கத்தியில்லாமலே தேறும், பலவீனம் கூடிக்கொண்டே போனால் எம்.ஆர்.ஐ. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றைக்கே எம்.ஆர்.ஐ., அன்றைக்கே அறுவை மருத்துவர். நேரடி விற்பனைக்காரர்கள் தள்ளிவிடும் 'நரம்புச் சத்து' மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

தேர்வாளரிடம் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "இவருக்கு வலது பாதம் தொங்குகிறது, தூக்குவதும் வெளியே திருப்புவதும் பலவீனம், உள்ளே திருப்புவதும் இடுப்பும் நன்றாக இருக்கின்றன, ஆகவே இடம் ஃபிபுலா கழுத்தில் பெரோனியல் நரம்பு." இதற்குப் பிறகு அவரே உங்களுக்கு வழிவிடுவார்.

அந்த 350 ரிங்கிட்டில் கொஞ்சம் எடுத்து, நீளக் கைப்பிடியுள்ள ரிஃப்ளெக்ஸ் சுத்தியல் ஒன்று வாங்குங்கள். வார்டில் தேடினால் கிடைக்காது. கிடைப்பது கையடக்கக் குட்டைச் சுத்தியல், அது தன் எடையில் விழாது. ரிஃப்ளெக்ஸ் வரவில்லை என்றால் உடனே 'இல்லை' என்று எழுதாதீர்கள். இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு, அவர் இழுக்கும் அந்த நொடியில் மறுபடி தட்டுங்கள்.