எரியும் பாதம், மரத்த விரல்: மிஸ்ஸி அக்காவிடம் கேளுங்கள்

சரி, தொடங்கலாம். என்னைத் தெரியாதவர்களுக்கு: பினாங்கில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், பெரும்பாலும் நரம்பியல் வார்டு. வேலையில் இருக்கும்போதே எனக்கும் ஷோகிரன் என்ற நோய் வந்து பாத நரம்புகளைப் பிடித்துக்கொண்டது, அதனால் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியும். ஒன்று மட்டும் கேட்காதீர்கள், "எனக்கு எத்தனை மில்லிகிராம் போடலாம்" என்று. நரம்பு வலி மருந்துகளில் சிலதைச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும்.

கோமதி, பிறை: ராத்திரியானால் இரண்டு பாதமும் நெருப்பாக எரிகிறது. மின்சாரம் வைத்துப் பார்ப்பார்களே, அந்த நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள், நார்மலாம். வீட்டில் இப்போது "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். கண்ணும் வாயும் வேறு வறண்டு போகிறது, அது வயசுக் கோளாறுதானே?

கோமதி, டெஸ்டில் தப்பில்லை, ஆனால் அது பார்ப்பது தடித்த நரம்பிழைகளை மட்டும்தான். சூடு, குளிர், எரிச்சல், ஊசி குத்துகிற வலி இதையெல்லாம் மூளைக்குக் கொண்டு போவது மெல்லிய இழைகள். அவை பாதி அழிந்து போயிருந்தாலும் அந்த மெஷின் நார்மல் என்றுதான் காட்டும். மெல்லிய இழைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கணுக்காலுக்குச் சற்று மேலேயும் தொடையிலும் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைக் கிள்ளி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து நரம்பு முனைகளை எண்ணுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இது கிடையாது, எல்லாருக்கும் தேவையும் இல்லை, ஆனால் இப்படி ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள், "மனசுதான்" என்ற பேச்சு கொஞ்சம் குறையும்.

நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்களே, கண்ணும் வாயும் வறள்கிறது என்று, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஷோகிரன் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னுடைய கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்குகிற நோய். 1933இல் ஹென்ரிக் ஷோகிரன் என்ற சுவீடன் கண் டாக்டர் விவரமாக எழுதியதால் அவர் பெயர் வந்தது. வருவது பெரும்பாலும் பெண்களுக்கு, அதிலும் நடுத்தர வயதில், அதனால்தான் எல்லாரும் வயசு மேல் பழி போடுகிறார்கள். சிலருக்கு வறட்சி தெரிவதற்கு முன்பே நரம்புத் தொந்தரவு வந்துவிடும். ஆன்டி-ரோ என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கண்ணின் கீழ் இமையில் சின்னக் காகிதத்தை 5 நிமிடம் வைத்து எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்கள், 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் வறட்சி. இரத்தத்தில் ஒன்றும் காட்டாவிட்டால் உதட்டின் உள்பக்கத்திலிருந்து துண்டு எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

அதற்கு முன்னால் இனிப்புநீர் (நீரிழிவு), பி12, தைராய்டு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் இருந்தது, நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். அதனால் டாக்டர் முதலில் அதைச் சந்தேகப்படுவது நியாயம்தான், அதோடு நிறுத்திக்கொண்டால்தான் பிரச்சினை. எரிச்சல் எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே பரவியது, கண், வாய், மூட்டு, களைப்பு, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். டாக்டர் அறைக்குள் நுழைந்தால் நமக்குப் பாதி மறந்துவிடும்.

சுரேஷ், செந்தூல்: எனக்கு ஷோகிரன். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டு மூட்டு வலி போய்விட்டது, கால் எரிச்சல் மட்டும் அப்படியே. இப்போது ப்ரீகாபலினும் சேர்த்துவிட்டார்கள். மாத்திரை கூடிக்கொண்டே போகிறதே அக்கா, ஐவிஐஜி ஏற்றிக்கொண்டால் ஒரேயடியாகச் சரியாகிவிடாதா?

தம்பி, இங்கே இரண்டு வேலை நடக்கிறது. நரம்பைத் தாக்குகிற எதிர்ப்பு சக்தியை அடக்குவது ஒன்று, ஏற்கெனவே அடிபட்ட நரம்பு சும்மா சும்மா அனுப்புகிற வலிச் செய்தியைத் தணிப்பது இன்னொன்று. ப்ரீகாபலின், காபாபென்டின், டுலோக்செடின் எல்லாம் இரண்டாவது வேலைக்கு. அவை நோயைத் தொடுவதே இல்லை. அதே மாதிரி ஹைட்ராக்சிகுளோரோகுயின் மூட்டுக்கும் தோலுக்கும் நல்லது, நரம்பு எரிச்சலுக்கு அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அதற்காக நிறுத்திவிடவும் வேண்டாம், வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கண் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வலி மருந்து வேலை செய்கிறது என்றால் வலி பூஜ்ஜியம் என்று அர்த்தமில்லை. பத்துக்கு எட்டு என்று இருந்தது நாலு, ஐந்துக்கு வந்து ராத்திரி தூக்கம் வந்தால் அதுவே நல்ல பலன். சின்ன அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள், சரியான அளவுக்கு வந்து சில வாரமாவது பார்த்த பிறகுதான் பலிக்கவில்லை என்று முடிவு கட்டலாம். நாலாம் நாளே தலைசுற்றுகிறது என்று தூக்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுவது எல்லாம் வரலாம், வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

ஐவிஐஜி என்பது நிறையப் பேர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம். விலை பயங்கரம். சிஐடிபி, கியான் பாரே மாதிரி நரம்பின் மேலுறை தாக்கப்படுகிற நோய்களில் அது உண்மையிலேயே ஆளை எழுப்பி நடக்க வைக்கும். கியான் பாரே நாலு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், எட்டு வாரத்துக்கு மேலும் கூடிக்கொண்டே போனால் சிஐடிபியை நினைப்பார்கள். மெல்லிய இழை நோய் கதை வேறு. காரணம் தெரியாத மெல்லிய இழை நோய்க்கு ஐவிஐஜி கொடுத்துப் பார்த்த ஒரு நெதர்லாந்து ஆய்வு 2021இல் வந்தது, மருந்தே இல்லாத வெறும் திரவம் ஏற்றியவர்களைவிட வலி குறையவில்லை. உங்களுக்கு ஷோகிரன் என்று காரணம் தெரிந்திருப்பதால் அதை அப்படியே உங்கள் மேல் பொருத்த முடியாது, உங்கள் நரம்பு எந்த வகையில் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்து நரம்பியல் டாக்டர்தான் முடிவு செய்வார். "ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும்" என்று வீட்டை அடகு வைக்கிற அளவுக்குப் போகாதீர்கள்.

பெயர் வேண்டாம், ஜெலுத்தோங்: சாமி கும்பிடக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது. முகத்தில் சோப்பு போடும்போதும் அப்படித்தான். காது பிரச்சினையா?

காதாகவும் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு மரமரப்பும் இருந்தால் நான் நரம்பைத்தான் முதலில் நினைப்பேன். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு கெட்டால், அந்த வேலையைக் கண் செய்துகொண்டிருக்கும். கண்ணை மூடினால் விழப் பார்ப்போம், இருட்டிலும் அப்படித்தான். ஷோகிரனில் முதுகுத்தண்டு ஓரமாக இருக்கிற உணர்வு நரம்பு முடிச்சுகளே தாக்கப்படுவது உண்டு, அதில் மரமரப்பு பாதத்தில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, முகத்திலோ ஒரு கையிலோ ஆரம்பிக்கலாம். அந்த முடிச்சில் உள்ள செல் செத்தால் திரும்ப வராது, அதனால் இதில் தாமதம் கூடாது, இந்த வாரமே போங்கள். அதுவரை குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள், ராத்திரி விளக்கு எரியட்டும்.

மல்லிகா, பட்டர்வொர்த்: மூன்று வருஷ நேர்த்திக்கடன். இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஏற வேண்டும். பாதம் மரத்துவிட்டது, வலி கூட அவ்வளவாக இல்லை, அதனால் வெறுங்காலில் நடக்கலாம்தானே?

அம்மா, வலி இல்லை என்பதால்தான் பயப்படுகிறேன். எரிகிற கால்காரர் கல்லில் மிதித்தால் "ஐயோ" என்று தூக்கிவிடுவார். மரத்த கால்காரர் அதே கல்லின் மேல் இன்னும் ஒரு மைல் நடப்பார். தேர் வருகிற பாதை முழுக்க உடைத்த சிதறுதேங்காய் ஓடு, வெயில் ஏறிய தார் ரோடு, அதற்கப்புறம் 513 படி. வார்டில் இருந்த காலத்தில் தைப்பூசம் முடிந்த வாரம் உள்ளங்காலில் கொப்புளம் வெடித்து, எப்போது பட்டது என்றே தெரியாமல் வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

வேண்டுதலை விடச் சொல்லவில்லை. விடியற்காலை இருட்டிலேயே கிளம்புங்கள், ரோடு சுடாது. மலையடிவாரம் வரை செருப்பு, முருகன் கணக்கு வைக்க மாட்டார். படியில் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ள முடியுமா என்று கோவிலில் கேட்டுப் பாருங்கள். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடிக்க முடியாது, அதனால் மகனோ மருமகனோ பக்கத்திலேயே வரட்டும், இறங்கும்போது இன்னும் கவனம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், விரல் இடுக்கையும் சேர்த்து. களைப்புக்கு என்று வெந்நீரில் காலை விடாதீர்கள், விட்டே ஆக வேண்டுமென்றால் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகு. பிரட்னிசோலோன், அசாத்தியோபிரின் மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் சின்னக் கீறலையும் மறுநாளே கிளினிக்கில் காட்டுங்கள், காய்ச்சலும் சிவப்பும் வராமலே உள்ளே சீழ் பிடிக்கும்.

தைப்பூசத்துக்கு மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். வாசலில் கழற்றுகிற பழக்கம் நமக்கு மாறாது, உள்ளே போட என்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவன், ஆயர் ஈத்தாம்: நரம்புக்கு நல்லது என்று பார்மசியில் பி வைட்டமின் மாத்திரை வாங்கி தினமும் இரண்டு போடுகிறேன். மூன்றாக்கலாமா?

அட்டையைத் திருப்பி பி6 எவ்வளவு என்று படியுங்கள். சிலதில் ஒரு மாத்திரையிலேயே 100, 200 மில்லிகிராம். ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்சவரம்பு 12 என்று வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 100. பி6 அதிகமாக மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தை மரக்க வைக்கும், அதாவது நோய்க்கு மருந்து சாப்பிட்டு அதே நோயை வாங்குவது. பி12 குறைவு என்று இரத்தத்தில் தெரிந்தால் பி12 மட்டும் போடுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிற இனிப்புநீர்க்காரர்கள் பி12ஐக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள், அது குறைய வாய்ப்பு அதிகம்.

ரேவதி, பிரிக்ஃபீல்ட்ஸ்: தெரிந்தவர் ஒரு மூலிகைப் பொடி கொடுத்தார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது! டாக்டர் மருந்தை விட்டுவிடலாமா? உருட் (மலாய் மசாஜ்), பெக்காம் (தோலில் குவளை வைத்து உறிஞ்சுவது) எல்லாம் செய்யலாமா?

மூன்றே நாளில் பறந்தது என்றால் எனக்கு ஸ்டீராய்டு வாசம் அடிக்கிறது. பதிவில்லாத பொடிகளிலும் ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்திலும் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபடுவது இந்த நாட்டில் புதிதில்லை. டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? இல்லாவிட்டால் சாப்பிடாதீர்கள். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டை மறந்திருக்கும், மயங்கி விழலாம். பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு மெதுவாக உருவுவதில் தப்பில்லை. சூட்டுக் கல், சூடான குவளை இதெல்லாம் மரத்த இடத்தில் வைக்கவே கூடாது.

அஸ்வினி, பங்சார்: அமிட்ரிப்டிலின் போட்டால் தூக்கம் வருகிறது, வாய் ஒரேயடியாக ஒட்டிக்கொள்கிறது.

அது அந்த மருந்தின் குணம், வாயையும் கண்ணையும் காய வைக்கும். ஷோகிரன் இருக்கிறவர்களுக்கு இரட்டைத் தண்டனை, பல்லும் சொத்தையாகும். வேறு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

குமார், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை: விரல் மரத்து சின்ன பாகங்களைப் பிடிக்க முடியவில்லை. வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார் சூப்பர்வைசர்.

எழுதிக் கொடுக்காதீர்கள், தம்பி. முதலில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அலுவலகத்துக்குப் போங்கள். வேலையில் அடிபட்டால்தான் சொக்சோ என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நோயால் உழைக்க முடியாமல் போனவர்களுக்கும் இலாட் பென்ஷன், அதாவது இயலாமை ஓய்வூதியம், இருக்கிறது. 60 வயதுக்குள் இருக்க வேண்டும், சந்தா போதுமான அளவு கட்டியிருக்க வேண்டும், முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்கு கூட இனிச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு இல்லை என்றால் வேறு வேலைக்குத் தயார்படுத்துகிற திட்டமும் அவர்களிடம் உண்டு. டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது, "சின்னப் பொருளைப் பிடிக்க முடியாது, சூடு தெரியாது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு கணவர், கெப்போங்: போர்வை பட்டாலே வலிக்கிறது என்கிறாள். கோபம் வேறு. நான் என்ன செய்ய?

முதலில் நம்புங்கள். தொட்டாலே வலிப்பது இந்த நோயில் உண்மை. கட்டிலின் கால்மாட்டில் போர்வை பாதத்தில் படாமல் தூக்கி நிற்கிற மாதிரி ஒரு சட்டம் வையுங்கள், அட்டைப் பெட்டியை வெட்டி வைத்தாலும் சரி. மின்விசிறி காற்று நேராகக் காலில் படாமல் திருப்புங்கள். ஐஸ் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே உட்காருவதை மட்டும் தடுங்கள், தோல் புண்ணாகிவிடும். கோபத்தில் பாதி தூக்கமின்மைதான், அதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கோமதி மறுபடி: எப்போது எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும்?

பலவீனம் காலிலிருந்து மேலே மேலே ஏறினால், மூச்சு வாங்கினால், விழுங்க முடியாவிட்டால், பாதமோ மணிக்கட்டோ திடீரென்று தொங்கிவிட்டால், சிறுநீர் வராமல் நின்றால், உட்காரும் இடம் மரத்தால். விடியட்டும் என்று காத்திருக்காமல் 999.

தேவன் மறுபடி: துரியான்?

நரம்புக்கும் துரியானுக்கும் சம்பந்தமில்லை. இனிப்புநீர் இருந்தால் ஒரு சுளையோடு நிறுத்துங்கள். தோலை மட்டும் வேறு யாரையாவது உரிக்கச் சொல்லுங்கள், மரத்த விரலில் முள் ஏறினால் உங்களுக்குத் தெரியாது.