ப்ரீகாஸ்ட் லாபமா, நட்டமா? கணக்கோடு கேள்வி பதில்

ப்ரீகாஸ்டில், அதாவது சுவர், தளப் பேனல்களை ஃபேக்டரியில் வார்த்து சைட்டில் பொருத்தும் முறையில் கட்டினால், சதுர அடிக்கு எவ்வளவு மிச்சம் சார்? (ஓசூர் பில்டர்)

சதுர அடி ரேட்டை வைத்து ஒப்பிடாதீர்கள். அதில் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். ஆதாயம் நாட்களில் இருக்கிறது. உதாரணத்துக்கு 10 கோடி செலவு, 40 வீடு, 12% வட்டி என்று வைப்போம். வழக்கமான முறையில் 24 மாதம். சராசரியாகப் பாதிப் பணம் வட்டியில் நின்றால் மாதம் 5 லட்சம், மொத்தம் 1.2 கோடி. ப்ரீகாஸ்டில் 14 மாதம், அப்படியானால் 70 லட்சம்தானே என்பார்கள். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஃபேக்டரிக்கு முன்பணம் போகிறது, பேனல் சைட்டுக்கு வருமுன்பே பில் வருகிறது. சராசரியாக 70% பணம் வெளியே நிற்கும். வட்டி 98 லட்சம். மிச்சம் வெறும் 22 லட்சம். 10 மாதம் முன்னதாகக் குடிவந்தால், வீட்டுக்கு 15,000 வாடகை வீதம் 60 லட்சம். ஆக 82 லட்சம். கட்டுமானச் செலவு 8% கூடினால் அதில் 80 லட்சம் போய்விடும். வீடு காலியாகக் கிடந்தால் அந்த 60 லட்சமும் இல்லை.

1,200 சதுர அடியில் சொந்த வீடு. சதுர அடிக்கு என்ன ரேட்?

ஒரே வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. நல்ல கொத்தனாரைப் பாருங்கள்.

சென்னை பெரும்பாக்கத்தில் ப்ரீகாஸ்டில் 1,152 வீடு கட்டினார்களே?

2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. ஒரே மாதிரி வீடுகள். அதே மோல்டில் திரும்பத் திரும்ப வார்க்கலாம். மோல்டு செலவு அத்தனை வீட்டுக்கும் பிரிந்துவிடும். உங்கள் பிளானில் எத்தனை பேனல் ஒரே அளவு என்று முதலில் எண்ணுங்கள்.

சிங்கப்பூரில் 40% மிச்சம் என்கிறார்களே அண்ணா? (அங்கே சைட்டில் இருக்கும் தம்பி)

அந்நாட்டுக் கட்டுமான ஆணையம் சொல்வது, அறை அறையாகச் செய்து அடுக்கும் முறையில் ஆள்பலத்திலும் நேரத்திலும் 40% வரை. அது உச்சவரம்பு; பணக் கணக்கு அல்ல. அங்கே ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி அரசுக்கு லெவி என்ற கட்டணம் கட்டுகிறார், தங்குமிடமும் தருகிறார். ஓர் ஆள் குறைந்தால் அத்தனையும் மிச்சம்.

அப்போ கூலி மலிவான நம் ஊருக்கு இது ஒத்தே வராது. (மதுரை பொறியாளர்)

இதை ஏற்க மாட்டேன் சார். நாள்கூலியை மட்டும் பார்க்கிறீர்கள். சட் பூஜைக்கு பீகார் ஆட்கள் ஊருக்குப் போனால் சென்ட்ரிங் அடித்தபடி நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. அந்த நாட்களையும் கணக்கில் ஏற்றுங்கள்.

ஃபேக்டரியிலும் அதே பீகார் ஆட்கள்தானே? (மறுபடி மதுரை)

உண்மை. ஆனால் அங்கே குறைவான ஆள் போதும், மழையிலும் வார்க்கலாம். கூலி மலிவாக இருக்கும்வரை மிச்சம் சிறிதாகத்தான் இருக்கும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

சதுர அடி ரேட் மட்டும் சொல்லுங்களேன்?

மேலே முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஃபேக்டரி முழு முன்பணம் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். இப்படி ஃபேக்டரியில் வீட்டுப் பாகங்கள் செய்த அமெரிக்காவின் கட்டெரா நிறுவனம் 2021இல் திவாலானது. ஃபேக்டரியில் வீடு செய்த பிரிட்டனின் இல்கே ஹோம்ஸ் 2023இல் நொடித்து, திவால் நிர்வாகிகளிடம் போனது. ஆர்டர் குறைந்தாலும் ஃபேக்டரி செலவு குறையாது. கொடுக்கும் முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள்.

ஜிஎஸ்டி?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

பராமரிப்புச் செலவைச் சேர்க்கணுமா?

கட்டாயம். பெரும்பாலும் ஜாயின்டில்தான் ஒழுகும். வெளிப்புற ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, உள்ளே ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கடைசி பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.