சிப்பிப்பாறைக்குக் காரட் ஆகுமா?

கேள்வி: வெங்காயப் பட்டறைக் காவலுக்கு மூன்று வயதுச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, இரண்டு மாதமாகக் காரட்டும் பீன்ஸும் தருகிறோம். வேளைச் சாப்பாடு வீட்டுச் சாம்பார் சோறுதான். நான்கு நாள்களாகச் சோர்ந்து கிடக்கிறது. சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறது. காரட் ஒத்துக்கொள்ளவில்லையா?
– பெரம்பலூர் மாவட்ட விவசாயி

பதில்: காரட்டாலும் பீன்ஸாலும் சிறுநீர் இந்த நிறத்துக்கு மாறாது. நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளித்தோ இருந்தால் நிலைமை முற்றியிருக்கிறது. எப்படியிருந்தாலும் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால், இரத்தப் பரிசோதனை இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது சாம்பாரைப் பற்றித்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே இரத்தத்தில் கேடு தெரியும். அவ்வளவு ஒரே வேளையில் போகாவிட்டாலும், நாள்தோறும் சிறுகச் சிறுகப் போவதும் கெடுக்கும். தின்ற சில நாள் கழித்தே நாய் சோர்வதால், பழி வேறெதன் மீதோ விழுகிறது. வெங்காயத்தைப் பொறுக்கிவிட்டுத்தான் கொடுக்கிறோம் என்பவர்கள் உண்டு. சாறு குழம்பில் இறங்கிய பிறகு பொறுக்கிப் பயனில்லை. பட்டறையில் கழித்துப் போடும் அழுகலும் நாயின் வாய்க்கு எட்டக் கூடாது. உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் பூண்டு கொடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். நாயைப் பார்க்காமலேயே இரத்தம் ஊறுமென்று இரும்புச்சத்து டானிக்கை நீட்டும் கடைக்காரர் செய்வது வைத்தியமன்று, வெறும் வியாபாரம். சிவப்பணு சிதைந்து வரும் சோகை இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை.

நாய் தேறிய பிறகு காரட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தொடரலாம். உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸும் பூசணியும் நல்லவை. மருந்தடித்த காயானால், குப்பியில் சொன்ன காத்திருப்பு நாள்கள் முடியாமல் பறித்ததைப் போடாதீர்கள். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை வேண்டவே வேண்டாம், குடலில் அடைத்துக்கொள்ளும். தின்பண்டம் எல்லாம் சேர்ந்து அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வேளைச் சோற்றுக்கு, வெங்காயமும் உப்பும் சேர்க்கும் முன்பே வெந்த பருப்பைத் தனியே எடுத்து வைத்து, அவித்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழிக்கறியோ கலந்து பிசைந்து கொடுங்கள்.