மீனாட்சியா, கயல்விழியா?

கேள்வி: பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. அத்தை தம் அம்மாவின் பெயரான மீனாட்சியை வைக்கச் சொல்கிறார். என் கணவருக்கு அது பாட்டி காலத்துப் பெயராம். கயல்விழி என்று வைப்போம், சங்க காலத்துப் பெயர் என்கிறார். பள்ளியில் இந்த 'ழ' என்ன பாடுபடுமோ என்பது என் கவலை. எதைப் பதிவு செய்வது? (வாசகி, செங்காங், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் வீட்டில் நடப்பது இரண்டு பெயர்களுக்கு இடையிலான சண்டையே இல்லை. மீனாட்சி என்றாலும் மீன் போன்ற கண்ணுடையவள், கயல்விழி என்றாலும் அதுதான். இதை முதலில் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். பாதிக் கோபம் தணிந்துவிடும்.

மதுரைக் கோயில் அம்மனுக்குத் தமிழில் அங்கயற்கண்ணி என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஆலவாயை, அதாவது மதுரையை, பாடிய பதிகத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. அதன் வடமொழி வடிவம் மீனாக்ஷி. நம் வாயில் அது மீனாட்சி ஆயிற்று. அதிலும் 'மீன' என்ற பகுதி தமிழ் மீனிலிருந்து வடமொழிக்குப் போனது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. ஆகவே சுத்தத் தமிழ், கலப்படத் தமிழ் என்று உங்கள் கணவர் கோடு கிழித்தால், அந்தக் கோடு மீனாட்சிக்கு நடுவிலேதான் ஓடும்.

அவருடைய 'சங்க காலப் பெயர்' வாதத்துக்கும் ஒரு திருத்தம். பெண்ணின் கண்ணுக்குக் கயலை உவமை சொல்வது சங்கப் பாடல்களில் உண்டு. ஆனால் கயல்விழி என்ற பெயரில் அங்கே ஒரு பெண்ணும் இல்லை. இது 20ஆம் நூற்றாண்டில் பரவிய பெயர். 1916 வாக்கில் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். பிறகு திராவிட இயக்கத்தார் வீடுகளில் மலர்விழி, தேன்மொழி, தமிழ்ச்செல்வி, கயல்விழி என்று பெயர்கள் பெருகின. அந்த அலை சிங்கப்பூரிலும் அடித்தது. 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952 முதல் தமிழர் திருநாள் விழாவையும் முன்னின்று நடத்தினார். பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது அப்போது ஒரு கொள்கை அறிவிப்பு மாதிரி. 1960களில் அகிலன் 'கயல்விழி' என்றே பாண்டிய நாட்டுச் சரித்திர நாவல் எழுதினார். இயக்கத்தோடு சம்பந்தமில்லாத வாசகர் வீடுகளுக்கும் பெயர் போய்ச் சேர்ந்தது.

மீனாட்சி அதற்கெல்லாம் மூத்தவள். மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு மீனாட்சி. நகரத்தார் குடும்பங்களில் மீனாள், மீனா என்று சுருங்கி, பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கத்தால் தலைமுறை தலைமுறையாக வந்தது. சிங்கப்பூரில் நம் பாட்டிமார் தலைமுறையில் மாரியாயி, செல்லம்மா, அஞ்சலையோடு மீனாட்சியும் சகஜம். அடுத்த தலைமுறை சாந்தி, வசந்தி, மீனா என்று போனது. மீனாட்சியின் வால் அங்கேதான் அறுந்தது.

இப்போது பாலர் பள்ளி வாசலில் நின்று கேட்டால் யாழினி, ஆதிரை, மகிழினி, நிலா என்று காதில் விழுகிறது. கயல்விழியை முழுதாக வைப்பவர்கள் குறைவு, 'கயல்' மட்டும் நிற்கிறது. 2014இல் வந்த 'கயல்' படமும், 2021இல் சன் டிவியில் தொடங்கிய அதே பெயர்த் தொடரும் அதற்குக் கைகொடுத்தன. (கயல் என்பது கெண்டை. தேக்கா சந்தையில் போய்க் கயல் அரைக் கிலோ என்று கேட்டுவிடாதீர்கள்.)

சரி, பள்ளிக்கு வருவோம். சீன, மலாய்த் தோழிகளுக்கு மீனாட்சி சுலபம். கயல்விழியில் சிக்கல் கடைசி எழுத்தில். தமிழ்நாட்டில் ழகரத்துக்கு 'இசட்', 'எச்' போடுவார்கள். அப்படி எழுதினால் இங்கே ஆசிரியர் 'விஸ்ஹி' என்று கூப்பிட வாய்ப்புண்டு. சிங்கப்பூர், மலேசியாவின் பழைய வழக்கம் 'எல்' போடுவது. தமிழ் என்ற சொல்லையே ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுகிறோம். 'எல்' போட்டால் 'விலி' என்பார்கள். அதுவும் சரியில்லைதான், ஆனாலும் காதுக்குப் பக்கத்தில் வருகிறது. கயல்விழி என்று முடிவெடுத்தால் என் பரிந்துரை 'எல்'.

என் ஓட்டு மீனாட்சிக்கு. பழைய பெயர் என்பது இனிமேல் குறையில்லை. வகுப்பில் இரண்டு யாழினி இருக்கலாம், இரண்டு மீனாட்சி இருப்பது அபூர்வம். வீட்டில் கயல் என்று கூப்பிடுங்கள், உங்கள் கணவருக்கும் மனம் ஆறும். இரண்டையும் சேர்த்து மீனாட்சி கயல்விழி என்று பதிவு செய்ய மட்டும் வேண்டாம். பின்னால் அப்பா பெயரும் வரும்போது படிவம் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பிள்ளை உங்களைத் திட்டும்.

பிறந்த 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியிலேயே முடிக்கலாம். முப்பதாம் நாள் பெயர் சூட்டுவது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். பெயரைத் தமிழ் எழுத்திலும் கொடுங்கள். பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அனுப்புவதற்கு முன் 'ட்சி' சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரியவர்கள் யாரிடமாவது காட்டுங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அத்தையின் அம்மாவுடைய அடையாள அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் லட்சுமி 'லெட்சுமி' ஆனதும், மீனாட்சி 'மினாச்சி' ஆனதும் உண்டு. 'மீ'க்கு இரண்டு 'இ' போட்டு நெடிலாகவே எழுதுங்கள்.