கார்ப் மீனில் சிவப்புப் புண்: குஞ்சை மாற்றவா, தண்ணீரை மாற்றவா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம், லயத்துக்குப் பின்னால் 20 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி தண்ணீர் நிற்கும் சீமெந்துத் தொட்டியில் கார்ப் வளர்க்கிறேன். பெரிய மீன்களைப் பிரிக்க வலை இழுத்தேன். நாலாம் நாளிலிருந்து செதில் உதிர்ந்து சிவப்புப் புண் வருகிறது, தினம் ஒன்றிரண்டு சாகிறது. கலங்களை ஒட்டவைக்கும் மரபணு பலமான மீனுக்கு நோய் வராதாமே, அப்படிப்பட்ட குஞ்சு கிடைக்குமா?

பதில்: குஞ்சை விடுங்கள், முதலில் வலையைப் பாருங்கள். முடிச்சு உள்ள நைலோன் வலை ஒரே இழுவையில் மீனின் சளியை வழித்துவிடும். கையை நனைத்து ஒரு மீனைப் பிடித்து, புண்ணுக்குப் பக்கத்துச் செதிலை நகத்தால் மெல்ல நிமிர்த்துங்கள். அடியில் ஊசிமுனை அளவு இரத்தப்புள்ளி இருந்தால், நீங்கள் சொல்லும் நாள் கணக்குக்கு ஏரோமோனாஸ் பக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது எந்தத் தொட்டித் தண்ணீரிலும் இருப்பதுதான், வழி கிடைத்தால் உள்ளே போகும்.

தோல், செவுள், குடல் ஆகியவற்றின் கலங்களைப் பூட்டி வைப்பவை கட்ஹெரின், குளோடின் போன்ற புரதங்கள். தொற்று வந்ததும் இவற்றின் மரபணுக்களில் சில கூடுதலாக வேலை செய்யும், சில அடங்கிவிடும். கூடினால் நல்லது என்று கணக்குப் போட முடியாது. அமெரிக்கப் பண்ணைக் கெளிறு மீனில், கொலம்னாரிஸ் என்ற பக்டீரியா நோயில் எளிதாகச் சாகும் வம்சத்தின் செவுளில்தான் லெக்டின் (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம்) மரபணு ஒன்று மிக அதிகமாகத் தூண்டப்பட்டது. பக்டீரியா ஒட்டிக்கொள்ள அதுவே பிடிமானம் கொடுப்பதாகக் கருதுகிறார்கள். மரபணுப் பெயர் சொல்லி யாராவது குஞ்சு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

உங்களால் செய்யக்கூடியது தண்ணீரில் கல்சியத்தைக் கூட்டுவது. கட்ஹெரின் இறுக அது வேண்டும். செவுள் வழியாக உடம்பு உப்புக் கசியாமல் இருக்கவும் தண்ணீரிலுள்ள கல்சியம் உதவும். மலைச்சரிவு ஊற்றுத் தண்ணீரில் அது பெரும்பாலும் குறைவு. தேயிலைக்குப் போடும் டொலமைட்டில் ஒரு கிலோவைச் சாக்கில் கட்டி, தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். மெதுவாகத்தான் கரையும், அதுவே நல்லது. மீன் இருக்கும் தொட்டியில் சுண்ணாம்பு போடவே கூடாது. பீ.எச். ஒரேயடியாக ஏறி, கழிவிலுள்ள அமோனியா நஞ்சாகிவிடும்.

தொட்டியில் சுமார் 17,000 லீட்டர் தண்ணீர் இருக்கிறது. முழுவதற்கும் உப்புப் போட 50 கிலோ வேண்டும், அதுவும் பாய்ச்சலில் கரைந்து ஓடிவிடும். புண் உள்ளவற்றை மட்டும் 200 லீட்டர் பிளாஸ்டிக் பெரலில் 600 கிராம் கல்லுப்புக் கரைத்து, காற்றுப் பம்பு போட்டு ஒரு கிழமை வையுங்கள். தினமும் பாதித் தண்ணீரை மாற்றி 300 கிராம் உப்புச் சேருங்கள். தொட்டியில் தீனியைப் பாதியாக்குங்கள், செத்ததை உடனே எடுத்துப் புதையுங்கள்.

பக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஒட்சிடெட்ராசைக்கிளினைத் தண்ணீரில் கரைப்பது வீண் செலவு. கல்சியம் அதை வேலை செய்யவிடாமல் கட்டிவிடும். தீனியில் கொடுப்பதா, எவ்வளவு என்பதை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். குளிர்த் தண்ணீரில் மருந்து மீனின் உடம்பை விட்டுப் போக நாளாகும், அதுவரை விற்கவும் சாப்பிடவும் கூடாது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துக்குக் காட்டுவதானால் உயிரோடுள்ள நோய் மீனைக் கொண்டுபோங்கள். செத்த மீனில் வேறு பக்டீரியா வந்து ஏறிவிடும்.

அடுத்த முறை முடிச்சில்லாத வலை எடுங்கள், முதல் நாள் தீனியை நிறுத்துங்கள். செவுளில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்து, ஒரே நாளில் பத்து இருபது செத்தால் அது இந்த நோய் அல்ல, கோய் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அப்போது மீனையோ வலையையோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் உடனே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.