214 நாள் சுடர்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் போனைத் தேர்வுக்காக இரண்டு நாள் வாங்கி வைத்தேன். படம் அனுப்பிக்கொள்ளும் ஸ்னாப்சாட் செயலியில் தோழியோடு இருந்த 214 நாள் 'ஸ்ட்ரீக்' போய்விட்டதாம். தோழி பேசுவதில்லை, இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா?
- ஒரு தாய், மதுரை

பதில்: அவளுக்கு இது பெரிய விஷயம்தான், அம்மா. ஸ்ட்ரீக் என்பது இரண்டு பேர் ஒரு நாளும் விடாமல் படம் அனுப்பிக்கொண்ட நாள்களின் கணக்கு. இருவரும் 24 மணி நேரத்துக்குள் ஆளுக்கொரு படமாவது அனுப்பினால்தான் பெயருக்குப் பக்கத்தில் அந்தத் தீச்சுடரும் எண்ணும் நிற்கும். நேரம் முடியப்போகிறது என்றால் மணற்கடிகாரம் வரும். என் வகுப்புப் பிள்ளைகள் காட்டியிருக்கிறார்கள்: பாதிப் படங்கள் மின்விசிறி, சுவர், போர்வை நுனி. பேச ஒன்றுமில்லை, எண் அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது கடவுச்சொல்லைத் தோழியிடம் கொடுத்து, தன் பெயரில் படம் அனுப்பச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. பாவம், அவ்வளவு பயம்.

உங்கள் வீட்டில் நடந்தது அந்தத் தோழிக்குத் தெரியாமல் இருக்கலாம். தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்திருப்பாள். "போனை வாங்கி வைத்தது நான்தான்மா" என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் தோசை ஊற்றிக் கொடுங்கள். அப்புறம், விட்டுப்போன ஸ்ட்ரீக்கை மீட்கும் வசதி செயலியிலேயே உண்டு. மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை போனை வாங்குவதானால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தோழியிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள்.